தொடாமல் கபடி ஆட முடியாது

உடற்கல்வி எதற்கு என்று, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குகிற பேராசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து விரலையும் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். உடல் வளர்ச்சி, நரம்புக்கும் தசைக்குமான ஒத்திசைவு, அறிவு வளர்ச்சி, உணர்ச்சிகளை ஆளும் பக்குவம், சமூகப் பண்பு. இந்த ஐந்தும் கூடினால் முழு மனிதன் உருவாகிவிடுவான் என்பது அவர்களின் வேதம். பி.பி.எட். படிக்கிற பையனும் பெண்ணும் இதை உருப்போட்டு எழுதித்தான் தேறுகிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகு இந்த ஐந்தும் எங்கே போகின்றன, யாருக்குப் போகின்றன என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை ஒரு கருத்தரங்கில் நேராகவே கேட்டேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்றால், பள்ளிகளில் நடக்கிற சாதி வன்கொடுமைகளுக்காக உண்மையறியும் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்வருகிறவன் நான். அதனால் 'மாணவர் நல்லிணக்கம்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, மாலை நான்கு மணிக்கு, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து பேராசிரியர்கள் பேசினார்கள். உடலைப் பற்றிய கல்வியா, உடல் வழியான கல்வியா என்று 1930களில் அமெரிக்காவில் வில்லியம்சும் மெக்லாயும் எதிரெதிராக நின்று வாதாடியதை ஒருவர் விரிவாகச் சொன்னார். ஸ்பார்ட்டாவும் ஏதென்சும் வந்தன. ஒலிம்பியாவும் வந்தது. சாதி என்கிற இரண்டெழுத்து மட்டும் நாள் முழுக்க வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கிரவுண்டுல சாதி கிடையாது. விசில் அடிச்சா எல்லாரும் ஒண்ணுதான்." கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கான பதில் இது.

1

அவர்களுடைய புத்தகத்தில் வருகிற குழந்தைக்கு வயது உண்டு, உயரம் உண்டு, எடை உண்டு, ஆண் பெண் வேறுபாடு உண்டு. தெரு கிடையாது. ஊரா, சேரியா என்று அந்தக் குழந்தையை யாரும் கேட்டதே இல்லை போல. அது எங்கே தண்ணீர் குடிக்கிறது, யார் பக்கத்தில் உட்காருகிறது, சனி ஞாயிறில் எங்கே போகிறது என்பதெல்லாம் அந்தப் புத்தகங்களுக்குத் தேவைப்படவில்லை.

உடற்கல்விக்கு இப்போது புதுக் காரணம் ஒன்றும் சொல்கிறார்கள். பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கிறார்கள், உடம்பு பருத்துவிட்டது, சின்ன வயதிலேயே சர்க்கரை வருகிறது, ஆகவே ஓடவிட வேண்டும். உண்மையாகவே இருக்கட்டும். எந்தப் பிள்ளை என்பதுதான் பிரச்சினை. கரும்பு வெட்டுக்குப் போன அப்பா அம்மாவோடு கட்டுக்கட்டித் தூக்கிப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வருகிற பிள்ளை இருக்கிறது. செங்கல் சூளையில் கல் திருப்பிப் போடுகிற பிள்ளை இருக்கிறது. விடியலில் ரெண்டு குடம் தண்ணி இடுப்பிலும் தலையிலும் சுமந்து ஊற்றிவிட்டு, தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு, ஓடிவந்து பிரேயரில் நிற்கிற பெண்பிள்ளை இருக்கிறது. இந்த உடம்புகளுக்கு உங்கள் ஐந்து நோக்கத்தில் முதலாவது என்னத்தைக் கொடுக்கப் போகிறது? தசையா? அது ஏற்கெனவே இருக்கிறது. ஒத்திசைவா? களைக்கொட்டைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு அதை நீங்கள் கற்றுத்தர வேண்டுமா?

அப்படியானால் எங்க புள்ளைங்களுக்கு உடற்கல்வி வேணாமா? வேண்டும். மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். காரணம்தான் வேறு.

தலைமுறை தலைமுறையாக எங்கள் உடம்பு மற்றவர்களின் உபயோகத்துக்கானது. ஏர் ஓட்ட, நாற்று நட, பிணம் சுட, மலம் அள்ள, பறையடிக்க, செத்த மாடு தூக்க. எந்த அசைவுக்கும் ஒரு எஜமானன் இருந்தான். தன் உடம்பைத் தனக்காக மட்டும், ஒரு பிரயோசனமும் இல்லாமல், சந்தோஷத்துக்காக அசைப்பது என்பது எங்கள் தாத்தன் பாட்டனுக்கு அந்தி சாய்ந்த பிறகு சேரிக்குள் மட்டும் கிடைத்த விஷயம். விளையாட்டு என்றால் அதுதான். கூலி இல்லாத, ஏவல் இல்லாத அசைவு. அதைப் பகலில், பொது இடத்தில், எல்லோர் கண் முன்னாலும் செய்ய எங்கள் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதை அரசாங்கமே மணியடித்து அறிவிக்கிற நேரம் அந்த முக்கால் மணி. எங்களுக்கு உடற்கல்வியின் முதல் நோக்கம் இது. இது எந்தப் பாடநூலின் நோக்கப் பட்டியலில் இருக்கிறது, காட்டுங்கள்.

2

அவர்களுக்கு அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். அவர்கள் பாடம் நடத்துகிற வரலாறுதான், நாம் வேறு கண்ணால் படிப்போம்.

நெப்போலியனிடம் தோற்ற ஜெர்மனியில் 1811இல் பெர்லினுக்கு வெளியே யான் என்பவர் இளைஞர்களைக் கூட்டி உடற்பயிற்சிக் களம் அமைத்தார். சுவீடன் ரஷ்யாவிடம் பின்லாந்தை இழந்த சில ஆண்டுகளில், 1813இல், ஸ்டாக்ஹோமில் லிங் தன் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தேசம் தோற்றதும் உடம்பின் ஞாபகம் வந்தது. அடுத்த சண்டைக்கு ஆள் தயார் செய்யவேண்டும். வெள்ளைக்காரன் இங்கே பள்ளிகளில் உடற்பயிற்சி என்று கொண்டுவந்ததும் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்களை டிரில் மாஸ்டர் ஆக்கினான். நில், திரும்பு, கையைத் தூக்கு, இறக்கு.

1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது. டிரில்லோடு நின்றுவிடாமல் ஆட்டங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுதந்திரம் வந்த பிறகு என்ன நடந்தது? 1954இல் தேசிய ஒழுங்குத் திட்டம் வந்தது. 1965இல் அதையும் உடற்கல்வியையும் கலந்து தேசிய உடல்தகுதித் திட்டம் என்றார்கள். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஒழுங்கு. ஒழுங்கு என்றால் யாருக்கு யார் கட்டுப்படுவது?

உடம்பைப் பணியவைப்பதற்கான தொழில்நுட்பம் பட்டாளத்திலும் சிறையிலும் பள்ளியிலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது என்று ஃபூக்கோ எழுதியதைத் தமிழில் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஃபூக்கோவைப் படித்துத்தான் சேரிக்காரனுக்கு இது தெரியவேண்டும் என்பதில்லை. குனி, கைகட்டு, செருப்பைக் கழட்டு, துண்டை இடுப்பில் கட்டு, ஒதுங்கி நில். இந்த டிரில் எங்களுக்கு லிங் பிறப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆண்டையின் தெருவில் எங்கள் பாட்டன் நடந்த நடையைவிட ஒழுங்கான நடை எந்தப் பட்டாளத்தில் இருந்தது? ஆகவே ஒழுங்கைக் கற்பிப்பதுதான் உடற்கல்வி என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பாடத்தை ஊர்ப் பிள்ளைக்கு நடத்து. கைகட்டாமல் நிமிர்ந்து நிற்பதற்கு எங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடு.

அப்படி ஒரு உடற்கல்வி நம்மிடமே இருந்தது. 1927இல் பாபாசாகேப் அம்பேத்கர் சமதா சைனிக் தளத்தை உருவாக்கினார். தீண்டப்படாத இளைஞர்கள் சீருடை போட்டார்கள், வரிசையாக அணிவகுத்தார்கள். யார் ஆணைக்கும் பணிவதற்காக அல்ல. தன் ஆட்கள் கூடும் கூட்டத்தைத் தானே காப்பதற்காக. அதுவும் அணிவகுப்புதான். பி.பி.எட். வரலாற்றுத் தாளில் ஸ்பார்ட்டா இருக்கிறது, இது இருக்கிறதா?

3

இனி பி.டி. பீரியட்டுக்கு வருவோம்.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் எதற்கு? எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். பி.டி. மாஸ்டர் என்றால் பிரம்பு. மற்ற வாத்தியார்களால் அடக்க முடியாத பையனை அவரிடம் அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தின் போலீஸ் அவர்தான். பி.டி. பீரியட் வந்ததும் ஊர்ப் பையன்கள் பந்து அறைக்கு ஓடுவார்கள். எங்களைப் பார்த்து, "டேய், நீங்கல்லாம் இங்க வாங்கடா" என்பார். மைதானத்து ஓரம் புல் செதுக்கணும். நெருஞ்சி முள் பொறுக்கணும். விளையாட்டு விழா வந்தால் சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடணும். கல் உருளையை நாலு பேர் சேர்ந்து இழுக்கணும். பந்து வேலிக்கு வெளியே போனால் முள்ளுக்குள் இறங்கி எடுத்து வரணும். இதெல்லாம் செய்து முடிக்கும்போது மணி அடித்துவிடும்.

ஒரு வேலைக்கு மட்டும் எங்களைக் கூப்பிடமாட்டார். விளையாடிக் களைத்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துவரும் வேலை. அதற்கு ஊர்ப் பையன்தான் போவான். மைதானத்தில் சாதி கிடையாது என்று சொன்ன பேராசிரியர் அய்யா, உருளை இழுக்க ஒருவன், தண்ணீர் மொள்ள வேறொருவன் என்று பிரித்த அந்தப் பி.டி. மாஸ்டர் உங்களிடம் படித்து வந்தவர்தானே? 'சமூகப் பண்பு' என்ற ஐந்தாம் நோக்கத்தை அவரும் எழுதித்தானே பாஸ் செய்தார்?

அது அந்தக் காலம் என்பீர்கள். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காக ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை கைதானார். பிள்ளையின் உடம்பைப் பார்த்ததும் அதை எந்த வேலைக்கு விடலாம் என்று தோன்றுகிற புத்தி இன்னும் போய்விடவில்லை.

அணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில மாவட்டங்களில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுகிறார்கள் என்றும், விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதற்கும் மதிய இடைவேளையில் கூடுவதற்கும் இது பயன்படுவதாகத் தெரிகிறது என்றும் அதில் இருந்தது. நான் சொல்லவில்லை, அரசாங்கத்தின் காகிதம் சொல்கிறது. விளையாட்டு அணி என்பதுதான் அந்தப் பட்டியலில் முதலில் வந்தது. இந்தச் சுற்றறிக்கை வெளியே வந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைய கல்வி அமைச்சரே அது நடைமுறைக்கு வராது என்கிற மாதிரிப் பேசினார். நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையும் அந்தக் கயிற்றைத் தடை செய்யத்தான் சொல்கிறது.

இதில் உடற்கல்வி ஆசிரியர் எங்கே நிற்கிறார்? கயிறு கட்டின கையை முதலில் பார்க்கிறவர் அவர்தான். பந்தெறிகிற கை, கம்பைப் பிடிக்கிற கை, ஓட்டத்தில் குச்சியை வாங்குகிற கை எல்லாம் அவர் கண்ணெதிரே இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கு மாணவனின் விடைத்தாள் தெரியும். இவருக்குத்தான் மாணவனின் உடம்பு தெரியும். அந்த உடம்பில் சாதி எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க அவருக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா?

4

"விளையாட்டு எல்லோரையும் சமமாக்கிவிடும்." இது அடுத்த பொய். விளையாட்டில் எங்கள் ஆள் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருஷச் சாட்சி இருக்கிறது.

பல்வங்கர் பாலு. சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர், அவர்களுக்கு வலையில் பந்து போட்டே தேர்ந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். இந்துக்கள் அணிக்கு அவர் பந்துவீச்சு வேண்டியிருந்தது. அவர் தொட்ட பந்தைப் பிராமணன் தொட்டான். ஆட்டத்தின் நடுவே டீ குடிக்கும்போது மட்டும் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணி அவரை ஒருநாளும் கேப்டன் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு அந்தப் பதவி கிடைக்க 1923 வரை ஆனது, அதுவும் சண்டை போட்டு.

வந்தனா கட்டாரியா. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர். அரையிறுதியில் இந்தியா தோற்றதும் ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு முன்னால் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று ஏசினார்கள் என அவர் குடும்பம் புகார் கொடுத்தது. நாட்டுக்காக ஆடின காலுக்கு நாடு கொடுத்த மரியாதை.

நம்ம ஊருக்கு வாருங்கள். 2025 மார்ச். தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் பக்கம். பதினோராம் வகுப்பு தலித் மாணவன் பரீட்சை எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். வண்டியை மறித்து, இழுத்துக் கீழே போட்டு, வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாகின. கபடியில் இவன் அணியிடம் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று பெற்றவர்கள் சொன்னார்கள்.

விரல் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வரவேண்டியது வந்திருக்கும். இந்த நாட்டில் 1961இலிருந்து சிறந்த வீரருக்கு அர்ஜுனா விருது. 1985இலிருந்து சிறந்த பயிற்சியாளருக்குத் துரோணாச்சாரியார் விருது. கட்டை விரலைக் கேட்டு வாங்கினவன் பெயரில் ஆசிரியருக்கு விருது! ஏகலைவனை அடியோடு மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1990களின் கடைசியில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு உண்டுறைவிடப் பள்ளிகள் தொடங்கி அவற்றுக்கு அவன் பெயரை வைத்தார்கள். குருவுக்குத் துரோணன், ஆதிவாசிப் பள்ளிக்கு ஏகலைவன். யார் எங்கே இருக்கவேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. இதைப் பற்றி ஒரு உடற்கல்விப் பேராசிரியராவது ஒரு வரி எழுதியிருந்தால் நான் அவர் கையைப் பிடித்துக் கும்பிடுவேன்.

5

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்த ஐந்தோடு ஆறாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்ற ஐந்தையும் எத்தனை தடவை சொன்னாலும் இந்த மண்ணில் அது உடற்கல்வி ஆகாது.

பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லாப் பாடத்தையும் ஒருவரை ஒருவர் தொடாமலே படித்து முடித்துவிடலாம். தமிழைத் தொடாமல் படிக்கலாம். கணக்கைத் தொடாமல் போடலாம். குடிமையியலில் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்பதைக்கூட, பக்கத்துப் பையனைத் தீண்டாமலே படித்து முழு மார்க்கும் வாங்கலாம். தொட்டே ஆகவேண்டும் என்று பாடத்திட்டமே கட்டாயப்படுத்துகிற ஒரே இடம் விளையாட்டு மைதானம்.

கபடியைப் பாருங்கள். பாடிக்கொண்டு போகிறவன் தொடவேண்டும். எதிரணி ஏழு பேர் அவனை விழுந்து பிடிக்கவேண்டும். காலைப் பிடி, இடுப்பைப் பிடி, மேலே விழு. ஒருத்தன் வியர்வை இன்னொருத்தன் மேல், ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் முகத்தில். கோகோவில் உட்கார்ந்திருக்கிறவன் முதுகில் கைவைத்து 'கோ' சொன்னால்தான் அவன் எழ முடியும். பச்சைக்குதிரையில் ஒருத்தன் குனிய, இன்னொருத்தன் அவன் முதுகில் கையூன்றித் தாண்டவேண்டும். அடுத்த தடவை தாண்டினவன் குனியவேண்டும். அந்த 'அடுத்த தடவை'யில்தான் எல்லாம் இருக்கிறது. பிரமிடு கட்டும்போது தோளில் ஏறி நிற்கிறவன் யார், அடியில் மண்டி போடுகிறவன் யார்? உடல் கனத்தைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா?

சாதிக்கு இது நன்றாகவே தெரியும். ஊர்ப் பையனாக இருந்து பின்னால் எங்களோடு இயக்கத்துக்கு வந்த தோழர் ஒருவர் சொன்னார்: பள்ளியில் கபடி ஆடிவிட்டுப் போனால் அவர் ஆயா கிணற்றடியிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணி ஊற்றித்தான் வீட்டுக்குள் விடுமாம். "அவனுங்களோட கட்டிப் பொரண்டுட்டு வர்றியேடா" என்று திட்டிக்கொண்டே. மைதானத்தில் சாதி கிடையாது என்று பேராசிரியருக்குத் தோன்றலாம். அங்கே சாதிக்கு என்ன ஆபத்து இருக்கிறது என்று அந்த ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது.

தொட்டால் தீட்டு என்பது மனுவின் விதி. தொட்டால் அவுட் என்பது கபடியின் விதி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இல்லை. தீட்டில் தொட்டவன் குற்றவாளி. கபடியில் தொட்டவனுக்குப் புள்ளி. தீட்டில் எங்கள் ஆள் ஒதுங்கிப் போகவேண்டும். கபடியில் எங்கள் பிள்ளை தொட்டால் எவனாக இருந்தாலும் கோட்டுக்கு வெளியே போய் நிற்கவேண்டும், தன் அணி ஒரு புள்ளி எடுத்தால்தான் உள்ளே வரலாம். ஸ்ரீவைகுண்டத்துப் பையனின் கை எந்த விதிக்காக வெட்டப்பட்டது என்று இப்போது யோசியுங்கள்.

இந்தத் தொடுதலிலிருந்து தப்பிக்கப் பள்ளிக்கூடம் நூறு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. தெரு வாரியாக அணி பிரிப்பது ஒரு வழி. ஊர் ஒரு டீம், காலனி ஒரு டீம், பிறகு அடிதடி, பிறகு "விளையாட்டால சண்டை வருது" என்று விளையாட்டையே நிறுத்துவது. திருவிழாக் கபடியில் எங்கள் அணி பதிவு செய்யப் போனால் "நேரம் முடிஞ்சிபோச்சி" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். பி.டி. பீரியட்டைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. பெண்பிள்ளைகள் விஷயத்தில் வழி தேடக்கூட வேண்டாம். வயசுக்கு வந்த பிறகு மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடச் சொல்லிவிடுவார்கள். வயல்வெளியில் ஆண்களுக்குச் சமமாக வெயிலில் குனிந்து வேலை செய்கிற எங்கள் பெண்ணுக்கு மைதானத்தில் ஓடினால் மட்டும் மானம் போய்விடுமாம். கூலிக்குக் குனிந்தால் போகாத மானம்!

ஆறாவது நோக்கம் இதுதான்: தீண்டாமையை உடம்பிலிருந்து அகற்றுவது. மனசிலிருந்து அகற்றுவதற்கு ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். அருவருப்பு என்பது கருத்தில் மட்டும் இல்லை. அது தோலில் இருக்கிறது, மூக்கில் இருக்கிறது, கையை இழுத்துக்கொள்கிற அந்த ஒரு நொடியில் இருக்கிறது. பழக்கிய உடம்பைப் பழக்கித்தான் மாற்றமுடியும். ஆறு வயதிலிருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை கட்டிப் புரண்டு வளர்ந்த உடம்பு, பதினாறு வயதில் அரிவாள் எடுக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஊரும் வீடும் கட்சியும் சங்கமும் சேர்ந்து கெடுப்பதை ஒரு பீரியட் சரிசெய்துவிடாது. ஆனால் அந்த ஒரு பீரியடையும் நாமே கைவிட்டால், அந்தப் பையனின் உடம்புக்குச் சாதியைத் தவிர வேறு எதுவும் கற்றுத்தர ஆளே இல்லை.

6

இதற்குப் பேராசிரியர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் இல்லை, மைதானம் இல்லை, பந்து இல்லை, இதில் சாதியை வேறு ஒழிக்கச் சொல்கிறாயா என்று. முதல் பாதி நியாயம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. நடுநிலை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு முழு மனிதனை உருவாக்கு என்றால் எவன் உருவாக்குவான்? அவர்களின் போராட்டம் நம் போராட்டமும்தான். அவர்களில் நம்மாட்களும் உண்டு.

ஆனால் நான் கேட்பதில் பாதிக்குக் காசே தேவையில்லை. பி.பி.எட். பாடத்தில் தீண்டாமை பற்றி ஒரு முழுத் தாள் வையுங்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் விசில் ஊதுகிறவனுக்குத் தெரியட்டும். கற்பித்தல் பயிற்சிக்குப் போகிற மாணவ ஆசிரியர்களை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். தெரு வாரியாக அணி பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அணித் தேர்வை எல்லோர் முன்னாலும் நடத்தி, யார் எத்தனை விநாடி, எத்தனை மீட்டர் என்று பலகையில் எழுதிப் போடுங்கள். புல் செதுக்கவும் கோடு போடவும் முறை வையுங்கள், அதில் உங்கள் பெயரும் இருக்கட்டும். தண்ணீர் எடுத்துவர எங்கள் பிள்ளையை அனுப்புங்கள், முதல் டம்ளரை நீங்கள் வாங்கிக் குடியுங்கள். லெசிம் கற்றுத்தருகிறீர்கள், டம்பெல்ஸ் கற்றுத்தருகிறீர்கள். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்து ஆடுவதைவிடத் தாளமும் மூச்சும் காலும் சேர்கிற பயிற்சி எது? அதையும் வையுங்கள், எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் வையுங்கள்.

கருத்தரங்கில் நான் இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. மூத்த பேராசிரியர் "நல்ல கருத்து, பரிசீலிக்கலாம்" என்றார். பரிசீலிக்க வேண்டாம் அய்யா. உங்கள் புத்தகம் அடுத்த பதிப்பு வரும்போது ஐந்து நோக்கங்களுக்குக் கீழே ஆறாவதாக ஒரே ஒரு வரி சேருங்கள். வாசகம் தெரியவில்லையென்றால் நாங்கள் எழுதித் தருகிறோம். அதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக வையுங்கள். பிறகு பதில் எழுதினவனை மைதானத்தில் இறக்கி, எங்கள் பிள்ளையின் காலைப் பிடித்து மடக்கச் சொல்லுங்கள்.